குறைத்து எழுதிய புகை

தையுவான்
2023 மார்ச் 11

அக்காவுக்கு,

உன் எண்ணுக்கு அழைத்தால் மணியே போவதில்லை. ஷின்யூவிடம் கேட்டேன். "அப்பாதான் உங்க நம்பரை அம்மா போன்ல தடுத்து வச்சிருக்காரு மாமா. நான் கை வச்சா வீட்ல இடி விழும்" என்றாள் உன் மகள். அதனால்தான் தபால். உறையில் எழுதும்போது உன் வீட்டு எண் பதினேழா பத்தொன்பதா என்று தடுமாறினேன். அவ்வளவு நாளாகிவிட்டது.

போன வருட வசந்தப் புத்தாண்டு விருந்தில் அத்தானிடம் நான் பேசியதை மறக்கவில்லை. அவர் வேலை பார்க்கும் நிலக்கரி மின்நிலையத்தைப் பத்து வருடத்துக்கு முன்பே மூடியிருக்க வேண்டும் என்றேன். "மூடிட்டா உன் அக்கா என்ன, காத்தையா வேக வச்சு எனக்குப் போடுவா?" என்று அவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். ஊரின் மூச்சை விற்றுச் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று சொன்னேன். அவர் கிண்ணத்தை வீசியது நியாயம்தான். நான் நினைத்தது தவறு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. சொன்ன இடமும் விதமும் தவறு.

இப்போது எழுத ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது. எங்கள் ஆய்வு நிறுவனம் மாகாணத்தில் இருபத்து மூன்று வட்டங்களை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறது. தொழில் வளர்கிறது, காற்றாலைகளும் வளர்கின்றன. புகை என்ன ஆகிறது? கணக்கு என் கையில். பட்டியலில் முதலில் நிற்பது எந்த ஊர் தெரியுமா? நம் யான்கோவ்! உற்பத்தி கூடியிருக்கிறது, காற்றாலை இரட்டிப்பாகியிருக்கிறது, வெளியேறும் கார்பன் குறைந்திருக்கிறது. மூன்றும் ஒன்றாக நடந்த ஊர் வேறெதுவும் இல்லை. ஜூனில் பெரிய கூட்டத்தில் நானே பேசப் போகிறேன். அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார்.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் பிடிபடவில்லை. சுங்கச்சாவடிப் பதிவில் நிலக்கரி லாரிகள் குறையவே இல்லை, கூடித்தான் இருக்கின்றன. நீ அந்த நிலையத்தின் ஆய்வகத்தில் இருப்பவள், உனக்குத் தெரிந்திருக்கும். நேரம் கிடைத்தால் எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது.

தம்பி
ஷோதியான்


யான்கோவ்
2023 ஏப்ரல் 6

ஷோதியானுக்கு,

பத்தொன்பது. பதினேழில் இருப்பது பல் வைத்தியர். அவர்தான் உன் கடிதத்தைக் கொண்டுவந்து, "ஏம்மா, உங்க தம்பி இன்னும் காகிதத்துலயா எழுதுறாரு? ஊர் உலகம் தெரியாதவரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேற்று சிங்மிங், முன்னோரைக் கும்பிடும் நாள். அப்பா அம்மா கல்லறைக்கு நானும் ஷின்யூவும் மட்டும் போனோம். களை பிடுங்கி அவர்களுக்குக் காகிதப் பணம் எரித்தோம். தீக்குச்சி நிற்கவில்லை, அவ்வளவு காற்று. கல்லறைக்குப் பின்னால் மேட்டில் போன வருடம் ஆறு காற்றாலை நட்டிருக்கிறார்கள். அந்த இரைச்சலில் நான் அப்பாவிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை. நீ வராததற்கு நான் சாக்கு எதுவும் சொல்லவில்லை. நீயே வந்து சொல்லிக்கொள்.

ஷின்யூவுக்கு அலுமினிய உருக்காலையில் வேலை கிடைத்திருக்கிறது. உலைக்கு மேலே ஓடும் பளுதூக்கியில் உட்கார்ந்து ஓட்டுகிறாள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அங்கே போகிறார்கள். இங்கே காற்றாலை மின்சாரம் மலிவு என்பதால்தான் அந்த ஆலை தெற்கே இருந்து வந்தது. ஆனால் உலை ஒருமுறை குளிர்ந்தால் உலோகம் உறைந்து உலையே பாழ். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதற்கு மின்சாரம் வேண்டும். காற்று படுத்துவிட்ட நாளில் யார் கொடுப்பது? உன் அத்தான்தான். மூன்றாவது கொதிகலனை இப்போது அணைப்பதே இல்லை. "காத்தாடி சுத்துனா அவங்களுக்குப் பேரு, நின்னா எனக்கு வேலை" என்கிறார்.

கூட்டத்தில் ஊரைப் புகழ்ந்து பேசு, நல்லது. லாரியை எல்லாம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்காதே. படித்தவனுக்கு வேறு வேலை இல்லையா? இலையுதிர் விழாவுக்கு வா. அத்தானை நான் பார்த்துக்கொள்கிறேன். புது ஓட்ஸ் மாவு வந்திருக்கிறது, உனக்குப் பிடித்த மாதிரி சுருட்டி ஆவியில் வைத்து, ஆட்டுக் குழம்பு ஊற்றித் தருகிறேன்.

ருயிஃபென்


தையுவான்
2023 மே 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் கேட்டதைத் தவிர எல்லாம் அதில் இருந்தது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன்.

லாரிகளை எண்ணாதே என்றாய். எண்ணிவிட்டேன் அக்கா. யான்கோவ் மின்நிலையம் சென்ற ஆண்டு எரித்த கரி, முந்தைய ஆண்டைவிட எட்டில் ஒரு பங்கு அதிகம். வெளியே போனதாகக் கணக்கில் இருக்கும் கார்பன் நூற்றில் இரண்டு பங்கு குறைவு. கூடுதலாக எரித்தால் எப்படிக் குறைவாகப் புகையும்? ஒரே வழிதான். கரியில் இருக்கும் கார்பனே குறைந்திருக்க வேண்டும். மாதாந்திரப் பரிசோதனைத் தாள்களைக் கேட்டு வாங்கினேன். 2022 ஜூன் வரை ஒரே அளவு. ஜூலையில் இருந்து சட்டென்று ஒரு படி கீழே. அதன்பிறகு எல்லா மாதமும் அங்கேயே நிற்கிறது.

கரி மாறிவிட்டதோ என்று பார்த்தேன். மாறவில்லை. அதே வடக்குச் சுரங்கம், அதே அடுக்கு. அப்பா முப்பது வருடம் வெட்டிய கரி. அது என்ன கரி என்று நம் இருவருக்கும் தெரியும்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. 'ஃபென்' எழுத்தின் கடைசிக் கோட்டை நீ மட்டும்தான் அப்படி மேலே இழுப்பாய். பள்ளியில் என் மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதில் நீ போட்ட கையெழுத்து அது.

வேறு யாரிடமும் இதை நான் காட்டவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன். இது உண்மையான மாதிரியா?

ஷோதியான்


யான்கோவ்
2023 மே 24

ஷோதியானுக்கு,

இல்லை. உண்மையான மாதிரி இல்லை. போதுமா?

தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் முழுதும் தெரிந்துகொள். பதினேழு வருடமாக நான் தினமும் கரி ஓடும் பட்டையிலிருந்து மாதிரி எடுக்கிறேன். இடித்து, சலித்து, நாளுக்கு ஒரு கரண்டி வீதம் மாத பாட்டிலில் சேர்ப்பேன். மாதக் கடைசியில் பாதி வெளி ஆய்வகத்துக்குப் போகும், பாதி இருப்பில் இருக்கும். போன வருடம் ஜூன் கடைசியில் எங்கள் தாங் மேலாளர் ஒரு ஆலோசனைக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பளபளவென்று சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி நிறையக் கரிக்கல் பொடி. சுரங்கத்தில் கழிவென்று மலைபோல் கொட்டுவார்களே, அந்தக் கல்லை அரைத்தது.

"அக்கா, மூணு கரண்டிக்கு ஒரு கரண்டி கலந்துடுங்க. சமையல்ல உப்பு போடுற மாதிரிதான்" என்றான்.

"உப்புப் போடுறதுக்கும் சோத்துல மண்ணைப் போடுறதுக்கும் வித்தியாசம் தெரியாத வீட்டுலயா நீ வளர்ந்தே?" என்று கேட்டேன்.

தாங் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கார்பன் அளவு ஏறினால் அதற்கான அனுமதிச் சீட்டுகளை வாங்கியே நிலையம் திவாலாகிவிடும். மாகாணம் பழைய நிலையங்களின் பட்டியல் போடுகிறது, நாம் அதில் ஏறினால் இரண்டு வருடத்தில் பூட்டு. "ஆயிரத்து நூறு குடும்பம், ருயிஃபென். குளிர்காலத்துல ஊர் முழுக்க வீட்டுக்குச் சூடு எங்கேருந்து வருது? உங்க வீட்டுக்காரருக்கு ஐம்பத்தொண்ணு வயசு. அவரை யாரு எடுத்துக்குவா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் கலந்தேன். முதல் மாதம் பாதிப் பொடி மேசையில் சிந்தியது. மூன்றாவது மாதம் ஒரு துகள்கூடச் சிந்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அத்தானுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

நீ கேட்டுவிட்டாய், சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். உன் கல்லூரிக்கு எந்த அடுப்பில் எரிந்த கரி பணம் கொடுத்தது? இதை நீ வெளியே எழுதினால் ஜெயிலுக்குப் போவது தாங் இல்லை, கையெழுத்துப் போட்டவள். எழுதாதே. ஊரைப் புகழ்ந்தும் பேசாதே. எங்களை உன் பட்டியலிலிருந்து எடுத்துவிடு.

ருயிஃபென்


தையுவான்
2023 ஜூலை 3

அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் உனக்கு நான் எழுதவில்லை. எழுதத் துணிச்சல் இல்லை.

நீ சொன்னபடி யான்கோவைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். தரவு முழுமையாக இல்லை என்று காரணம் எழுதினேன். மீதி இருபத்திரண்டு வட்டங்களுக்கு மறுபடி கணக்குப் போட்டேன். என்ன வந்தது தெரியுமா? காற்றாலை கூடிய இடத்தில் தொழில் கூடியிருக்கிறது, தொழில் கூடிய இடத்தில் கரியும் கூடியிருக்கிறது. காற்று கரியை விரட்டவில்லை. பக்கத்தில் இடம் போட்டு உட்கார வைத்திருக்கிறது. ஏப்ரலில் நீ மூன்றாவது கொதிகலனைப் பற்றி எழுதியதைத்தான் நான் நாற்பது பக்கத்தில் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

இயக்குநர் வென் படித்தார். நல்ல மனிதர், கத்தமாட்டார். தேநீர் ஊற்றிக்கொடுத்து, "ஷோதியான், இதைக் கேட்டுட்டு மேல இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? காத்தாலைக்குப் பணம் ஒதுக்குறதையே நிறுத்திடுவாங்க. ஒரே ஒரு ஊராவது சாதிச்சிருக்குன்னு காட்டணும். அது உங்க கையில இருக்கு. ஏன் ஒளிச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் நீ மாட்டுவாய். சொல்லாமல் மறுத்தால் ஏன் என்று தோண்டுவார்கள், அப்போதும் நீ மாட்டுவாய். இப்படி யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசை. அது பாதிதான் உண்மை. மேடையில் நிற்க எனக்கும் ஆசை இருந்தது.

ஜூன் 20 அன்று பேசினேன். யான்கோவில் கார்பன் இறங்கும் வரைபடத்தைத் திரையில் காட்டியபோது கைதட்டினார்கள். பொய் சொல்லவில்லை, ஆவணத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கி வந்ததும் மூன்று வட்டங்களின் அதிகாரிகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஊருக்கு வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

அத்தானிடம் நான் அன்று சொன்ன வார்த்தையை இப்போது என்னிடம் யாராவது சொன்னால் வீச என் கையில் கிண்ணம்கூட இல்லை.

ஷோதியான்


யான்கோவ்
2023 செப்டம்பர் 18

தம்பிக்கு,

உன் கூட்டம் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது.

ஜூலையில் இருந்து வாரம் ஒரு பேருந்து வருகிறது. முதலில் காற்றாலை மேட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு உருக்காலை. பிறகு எங்கள் நிலையத்தில் சாப்பாடு. ஆகஸ்டில் உருக்காலைக்கு இன்னொரு வரிசை உலை போட அனுமதி வந்தது. இந்த வட்டத்தில் கார்பன் குறைந்திருக்கிறதாம், அதனால் கூட்டிக்கொள்ள இடமிருக்கிறதாம். நான் கலந்த கல்லுக்கு அவர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். வருடாந்திரப் பராமரிப்பையும் தள்ளிப் போட்டுவிட்டார்கள். அத்தான் பதினொரு நாள் தொடர்ந்து இரட்டை வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றாமலே தூங்குகிறார்.

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன புதன்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

தெற்கு வட்டம் ஒன்றின் மின்நிலையத்திலிருந்து ஷி யான்மெய் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். அங்கே ஆய்வகத்தில் என் வேலையைச் செய்கிறவள். தாங் அவளை என்னிடம் விட்டு, "இவங்களுக்குக் கத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "அக்கா, நாங்களும் உங்க கரி மாதிரியேதான் எரிக்கிறோம். நாலு தடவை சோதிச்சுப் பாத்துட்டேன், உங்க அளவு வரவே மாட்டேங்குது. எங்க மேலாளர் என்னைத்தான் குத்தம் சொல்றாரு. உனக்குக் கை சுத்தமில்லை, யான்கோவுல ஒரு பொம்பளை செய்யுறது உன்னால ஏன் முடியலங்கிறாரு. எந்த இடத்துல தப்புப் பண்றேன்னு சொல்லுங்கக்கா" என்றாள்.

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஷோதியான், எவ்வளவு சுத்தமான வேலை தெரியுமா? ஒரு நாள்கூட விடவில்லை. தப்பே இல்லை. தப்பு எதுவும் செய்யாததுதான் அவள் தப்பு.

"நீ எதுவும் தப்பாப் பண்ணலம்மா. உன் கணக்குதான் சரி. ஊருக்குப் போ, எதையும் மாத்தாதே" என்றேன். அவள் நம்பவில்லை. நான் ரகசியத்தை மறைப்பதாக நினைத்துக்கொண்டாள் போல. முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. கல் கலப்பதற்கு முன் எடுத்த உண்மையான பொடியை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் ஊறுகாய் பாட்டிலில் போட்டு, தேதி எழுதி, முட்டைக்கோஸ் போடும் நிலவறையில் வைத்திருக்கிறேன். பதினாலு பாட்டில். ஏன் வைத்தேன் என்று கேட்காதே. இத்தனை வருடம் மாதிரி எடுத்தவளுக்கு அதைக் கீழே கொட்டக் கை வரவில்லை, அவ்வளவுதான். மாகாணச் சுற்றுச்சூழல் ஆய்வுக் குழு இருபத்தைந்தாம் தேதி பக்கத்து ஊருக்கு வருகிறதாம். பாட்டில்களைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

நாளை சாப்பாட்டுக்குப் பிறகு அத்தானிடம் சொல்ல வேண்டும். உலக்கையை விழுங்குவது இதைவிடச் சுலபம்.

அக்கா


தையுவான்
2023 செப்டம்பர் 19

அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இன்று காலை இயக்குநர் வென்னிடம் போய், யான்கோவ் கணக்கு தவறு, என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். காரணமாக லாரிக் கணக்கை மட்டும்தான் காட்டினேன். மாதிரி பற்றி வாயைத் திறக்கவில்லை.

அவர் என் தாளை மடித்து மேசை ஓரத்தில் வைத்தார். "உங்க அக்கா அங்கதானே ஆய்வகத்துல இருக்காங்க?" என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. "ஒரு வாரம் டைம் எடுத்துக்குங்க. குடும்பத்தை நினைச்சுப் பாருங்க" என்றார். மிரட்டினாரா, உண்மையிலேயே கவலைப்பட்டாரா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

நான் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கப் போவதில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் நீ பத்திரமாகிவிட வேண்டும். உன்னிடம் தாள், குறிப்பு, பாட்டில் எதுவாவது இருந்தால் எரித்துவிடு, கொட்டிவிடு. யாராவது வந்து கேட்டால் மேலாளர் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டேன், எனக்கு வேறு எதுவும் தெரியாது என்று சொல். என் கடிதங்களையும் எரித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஷோதியான்


யான்கோவ்
2023 நவம்பர் 12

தம்பிக்கு,

எதையும் எரிக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டி எரிக்கச் சொன்ன உன் கடிதம் வந்தது இருபத்தாறாம் தேதி. அதற்கு முந்தின நாளே நான் பாட்டில்களைப் பழைய துணியில் சுற்றி, காய்கறிக் கூடையில் வைத்து, பேருந்தில் மடியில் ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். பொருளாதாரம் படித்தவன் தரும் யோசனையா இது என்று படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். நம் வீட்டில் யாரும் எனக்காக இப்படிப் பயந்ததில்லை.

இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். ஒரு அதிகாரி அம்மா ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல உங்க கையெழுத்தும் மாட்டுதே, தெரிஞ்சுதான் குடுக்குறீங்களா?" என்று கேட்டார். "தெரியாமப் போட்டது ஒரு கையெழுத்தும் இல்லைங்க" என்றேன்.

தாங்கையும் வாளிக்காரனையும் அக்டோபர் முதல் வாரம் அழைத்துப் போனார்கள். வழக்கு நடக்கிறது. நானாகக் கொண்டுபோய்க் கொடுத்ததால் என்னை வீட்டிலிருந்தே விசாரிக்கிறார்கள். ஊரைவிட்டு நகரக் கூடாது. வேலை போய்விட்டது. இனி எந்த ஆய்வகத்திலும் எடுக்க மாட்டார்களாம்.

அத்தானிடம் சொன்ன அன்று அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒரு வருஷம் என் பக்கத்துல படுத்துக்கிட்டு இதைச் சொல்லாம இருந்திருக்கே" என்றார். "உங்களுக்காகத்தான்" என்றேன். "எனக்காகன்னா எங்கிட்ட கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு நிலையத்தின் விடுதிக்குப் போய்விட்டார். இருபத்தாறு நாள் அங்கேயே இருந்தார். திரும்பி வந்தபோது, விடுதியில் கொடுக்கும் கஞ்சியில் தினை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது என்றார். நான் தினையைக் கழுவி அடுப்பில் வைத்தேன். 

ஊர் பற்றிக் கேட்காதே. குறைத்துக் காட்டிய புகைக்கெல்லாம் நிலையம் இப்போது பணம் கட்ட வேண்டும், ஆண்டு வெகுமதி யாருக்கும் கிடையாது. பன் விற்கிறவள், ஆவி பறக்கும் தட்டு நிறைய வைத்துக்கொண்டு, "உனக்குத் தீந்துபோச்சு" என்கிறாள். ஷின்யூவிடம் ஆலையில் மூன்று பேர்தான் பேசுகிறார்கள். அவளும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

நிலையத்தை மூடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். குளிர் வந்துவிட்டது, எப்படி மூடுவார்கள்? நான் கலந்தாலும் ஓடியிருக்கும், கலக்காவிட்டாலும் ஓடியிருக்கும். தாங் என்னைப் பயமுறுத்தியது வீண் பயம். அதை நினைத்தால்தான் மனது ஆறவில்லை.

அக்கா


தையுவான்
2024 ஜனவரி 8

அக்காவுக்கு,

ஆய்வுக் குழு உன் பாட்டில்களின் அளவை வெளியிட்டதும், என் தாளை வைத்துக்கொள்ள இயக்குநர் வென்னுக்கு வழி இல்லாமல் போயிற்று. நான் பேச்சைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். என்னை ஆய்வுப் பிரிவிலிருந்து எடுத்து ஆவணக் காப்பகத்தில் போட்டிருக்கிறார்கள். தூசிதான், ஆனால் அமைதியான இடம். போகும்போது வென், "நீங்க முதல்லயே என்கிட்ட முழுசாச் சொல்லியிருக்கலாம்" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "அது எனக்கே தெரியலை" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் நேர்மையானவர்.

காப்பகத்தில் இருந்துகொண்டே கணக்கைத் திரும்பப் போட்டேன். உன் பதினாலு மாத அளவையும் வைத்து, இருபத்து மூன்று வட்டமும் சேர்த்து. ஒரு சிறிய இதழ் அச்சிட்டிருக்கிறது. பிரதி இணைத்திருக்கிறேன். யான்கோவ் இப்போது பட்டியலின் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே காற்றாலை இரட்டிப்பானது உண்மை. அதைவிட வேகமாக ஆலை வளர்ந்தது, ஆலையோடு சேர்ந்து புகையும் வளர்ந்தது. உருக்காலையின் இரண்டாவது வரிசையை மறுபரிசீலனைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நிற்குமா என்று தெரியாது. நிற்காது என்றுதான் தோன்றுகிறது.

பதினோராம் பக்கத்தில் 'நிலையப் பணியாளர் ஒருவர் பாதுகாத்து வைத்த மாதிரிகள்' என்று எழுதியிருக்கிறேன். பெயர் போடவில்லை. போடலாமா கூடாதா என்று உன்னைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

அக்கா, நான் மேடையில் நின்றதால்தான் அந்தப் பேருந்துகள் வந்தன. யான்மெய் அழுததற்கு நானும் காரணம். மன்னிப்பு கேட்பதற்கு முறையான வார்த்தைகள் எனக்குத் தெரியும், நிறையப் படித்திருக்கிறேன். எதுவும் சரியாக இல்லை.

ஷோதியான்


யான்கோவ்
2024 ஜனவரி 29

தம்பிக்கு,

என்னை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். தாங்குக்கு மார்ச்சில் தீர்ப்பு. நான் இப்போது உருளைக்கிழங்கு மாவு ஆலையில் கிழங்கு கழுவும் தொட்டியில் நிற்கிறேன். கை வெடித்துவிட்டது. ஆனால் எதிலும் எதையும் கலக்கச் சொல்வதில்லை.

யான்மெய் தொலைபேசியில் கூப்பிட்டாள். எப்படியோ எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறாள். "அக்கா, என் நோட்டு சரின்னு சொன்னீங்களே, நான் உங்களைத் திட்டிக்கிட்டே ஊருக்கு வந்தேன்" என்றாள்.  இப்போதும் அதே மாதிரி எழுதுகிறாயா என்று கேட்டேன், ஆமாம் என்றாள்.

உன் கட்டுரை வந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது. அடுத்த முறை அச்சிட்டால் என் பெயரைப் போடு. பொய்க்குப் பதினாலு தடவை போட்டாயிற்று.

மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார். அவர் செய்தித்தாளையே விளம்பரப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்தார். பக்கத்தில் டீ ஆறிப்போயிற்று. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார். இன்று காற்று நன்றாக அடித்தது. மேட்டில் அந்த ஆறும் சுற்றிக்கொண்டிருந்தன.

"உன் தம்பி எழுதியிருக்கிறது நெசம்தானா?" என்றார்.

"நெசம்தான்."

"அப்போ இது அத்தனையும் நட்டது வீணா? நான் மூணாவது பாய்லரை அணைக்காம ஓட்டுறேன், அது பாட்டுக்கு இதுவும் சுத்துது. ரெண்டும் சேர்ந்து ஓடுறதுக்கா இவ்வளவு பாடு? இல்ல, என்னைக்காவது ஒருநாள் என் பாய்லரை நிறுத்தச் சொல்லுவாங்களா? அப்படிச் சொன்னா, அன்னைக்கு என் பொண்ணுக்கு வேலை இருக்குமா? இதை அவன் எழுதலையே."

 வீண் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் ஏன் வீண் இல்லை என்று கேட்பார், அதற்கு மேல் எனக்குப் படிப்பு இல்லை. "அவனைத்தான் கேக்கணும்" என்றேன்.

"அப்போ கேளு" என்றார். கொஞ்சம் நின்று, "இல்ல, வேண்டாம். நானே கேக்குறேன். வரச் சொல்லு" என்றார். போனை எடுத்து என் கையில் கொடுத்தார். உன் எண்ணுக்குப் போட்ட தடையை எடுத்திருந்தார்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அங்கிருந்தபடியே இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிடுவாய். வசந்தப் புத்தாண்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. தையுவானிலிருந்து காலை எட்டு நாற்பதுக்கு ஒரு பேருந்து இருக்கிறது, மதியத்துக்குள் வந்துவிடலாம்.

என்ன பதில் வைத்திருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. உனக்கே தெரியாமலும் இருக்கலாம். தெரியாது என்றால் அதையாவது அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அவர் கேட்ட கேள்விக்குத் தபாலில் பதில் அனுப்பாதே.

அக்கா